புள்ளிவால் விருந்தாளி

முதுகு நேரான ஒரு கப்பி மீன்குஞ்சின் விலை, பன்னிரண்டு வருட வீம்பு. பேரம் பேசிப் பார்த்தேன். ஒரு நாள்கூடக் குறையவில்லை.

என் வண்ணமீன் கடைக்கு நேர் எதிரில் என் மனைவியின் தம்பி கடை. ஒரே தொட்டியில் வளர்த்த சிவப்புவால் மீன்களை ஒரு சண்டையில் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் போனவர்கள் நாங்கள். அன்றிலிருந்து என் தொட்டிக்குத் தனி வலை, தனி வாளி. வெளிமீனின் நிழல் விழாது. அங்கேயும் அதே கட்டுக்காவல்.

என் மீன்களின் வால் விசிறியாக விரிந்தது, வாஸ்தவம்தான். ஆனால் குஞ்சுகளின் முதுகு கேள்விக்குறியாக வளைந்தது. தண்ணீரை மாற்றினேன், தீனியை மாற்றினேன். கடைசி ஈற்றில் முப்பதில் நான்குதான் நேராக நீந்தின. இன்னும் இரண்டு ஈற்றுக்கு இந்த வம்சம் தாங்காது.

"எல்லாம் அண்ணன் தங்கச்சிங்க, வேற எப்படி இருக்கும்?" என்றாள் மனைவி. "தம்பிகிட்ட ஒரு ஆண்மீன் கேளுங்க."

"அவன் மீன்ல பாதி குருடு!"

"உங்களுது கூனு, அவனுது குருடு. ஓட்டை வேற வேற இடத்துல இருக்கில்ல? ஒண்ணு இன்னொண்ணோட ஓட்டையை அடைக்கும்."

மறுவாரம் என் தொட்டியில் வாலில் கறுப்புப் புள்ளியோடு ஒருவன். மனைவி ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது ஏது புள்ளி?"

"வெயில்ல கறுத்திருக்கும்."

தொட்டி இருப்பது நிழலில். வலையை எடுத்தேன். அவனோ என் பெண்மீன்கள் முன்னால் புதுமாப்பிள்ளையாக வளைந்து குலுங்கிக்கொண்டிருந்தான். முப்பதில் நான்கு என்பது நினைவுக்கு வந்தது. வலையைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

ஒரு மாதத்தில் குஞ்சுகள், ஏறக்குறைய எல்லாமே நேர் முதுகோடு. கண்ணாடியில் விரல் வைத்தால் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அன்றே ஒரு பையில் என் விசிறிவால் ஆண்மீன் ஒன்றைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

"என்ன மாமா, வழி தவறிட்டீங்களா?"

"வாயை மூடிட்டு வாங்கிக்க மாப்ளே. இன்னும் நாலு வேணும்னாலும் தரேன்."

"ஒண்ணு போதும். தலைமுறைக்கு ஒரு விருந்தாளின்னு அக்கா கணக்கு. அளவில்லாம கலந்தா உங்க விசிறியும் இருக்காது, என் புள்ளியும் இருக்காதாம்."

நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன்.

பிறந்தது முப்பத்தெட்டு. கூன் இரண்டு; பெண் கப்பி முந்தைய துணையின் வித்தையும் மாதக்கணக்கில் சேர்த்துவைக்கும், அவை பழைய அப்பனுடையவை. குருடு இல்லை. வந்த மீன் ஒன்று, போன மீன் ஒன்று. பாக்கி பன்னிரண்டு வருடப் பேச்சு. தினமும் கடை அடைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவருகிறோம்.