மேல்நோக்கி மட்டும்

சரிவுத் தெருவின் நடுவில், மஞ்சள் நாடா கட்டிய கம்பத்தருகே, காவலாளி குராமோச்சி மூன்று மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார். வலது கையில் சிவப்பு விளக்குக் கோல். அதைக் கீழிருந்து மேலாக அசைக்க வேண்டும். அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"நிக்காதீங்க, நடந்துக்கிட்டே இருங்க. மேல மட்டும்தான் வழி."

ஹாலோவீன் வேஷத்தில் பூசணித் தலைகள் போயின. கழுத்தில் வெட்டு வரைந்திருந்த இரண்டு பேர் போனார்கள். அவருக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டே போனார்கள். இந்த வருஷம் எல்லோரும் சொன்னபடி கேட்டார்கள். குடிக்கவில்லை, கத்தவில்லை, குப்பையைத் தங்கள் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். வேஷம் மாற்ற உள்ளே புகுந்துவிடுவார்கள் என்று, டோக்கியோவின் இந்த ஷிபுயா பகுதிக் கடைகளெல்லாம் 'இன்று கழிப்பறை இல்லை' என்று மட்டும் கதவில் ஒட்டியிருந்தன.

தற்காலிகக் கழிப்பறைகள் சரிவின் அடியில் இருந்தன. குராமோச்சி நின்ற இடத்திலிருந்து கீழ்நோக்கி இருபது எட்டு வைத்தால் போதும். நீலக் கதவு திறப்பதும் மூடுவதும் தெரிந்தது.

வேலை நாட்களில் அவர் நீர் பிரியும் மாத்திரையைப் போடுவதில்லை. போன வாரம் கணுக்கால் வீங்கியதைப் பார்த்து டாக்டர் திட்டினார். அதனால் இன்று போட்டிருந்தார். கம்பெனிக்கு அது தெரியாது. எழுபத்தொரு வயதுக்காரர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அடுத்த மாதம் வேலைக்குக் கூப்பிட்டு போன் வராது.

நாடாவின் மறுமுனையில் அரிசாகா நின்றாள். காலையில் கடையில் கறி வறுத்துவிட்டு, மதியத்துக்குமேல் இந்தச் சீருடைக்குள் புகுகிறவள்.

"அண்ணே, ஒத்தைக் கால்ல ஆடுறீங்களே, நீங்களும் வேஷமா? கொக்கு வேஷமா?"

"சும்மா இரும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள்.

"போய்ட்டு வந்துருங்க. ரெண்டு பக்கமும் நான் பாத்துக்கறேன். இருபது எட்டுதானே?"

"சீருடைக்காரன் எதிர்த்துப் போனா ஆயிரம் பேர் பின்னால வருவான்னு சூப்பர்வைசர் தொகாஷி சொன்னாரே, கேட்டேல்ல?"

"சொல்றவருக்கென்ன, கூடாரத்துல உக்காந்துருக்காரு."

"போன வருஷம் நம்மகூட நின்ன ஓகினோ அப்படித்தான் கீழ போனான். யாரோ வீடியோ எடுத்துட்டான். அவனை அதுக்கப்புறம் கூப்பிட்டாங்களா?"

முறைப்படி போவதென்றால் மேலே ஏறி, பெரிய சாலையைச் சுற்றி, கூட்டத்தோடு மறுபடி கீழிருந்து நுழைய வேண்டும். முக்கால் மணி நேரம்.

மாற்று ஆள் ஐந்து மணிக்கு வந்திருக்க வேண்டும். ஐந்தேகாலுக்கு வாக்கி டாக்கியில் கேட்டார்.

"அவர் கூட்டத்துல மாட்டிக்கிட்டாரு சார்," என்றது மேற்பார்வையாளர் தொகாஷியின் குரல். பேரன் வயதுதான் அவனுக்கு. எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவான். "இன்னும் பத்தே நிமிஷம். சமாளிச்சுருவீங்கள்ல?"

"சரிங்க."

ஐந்தரைக்கும் அதே பத்து நிமிஷம்.

மேலே போய்க்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் பிரிந்து நாடாவருகே வந்தாள். நர்ஸ் வேஷம், கன்னத்தில் தையல். கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, தோ தெரியுதே டாய்லெட், அதுக்குத்தான். வரும்போது பெரிய வரிசை, விட்டுட்டேன். ஓடிப் போய்ட்டு வந்துரட்டுமா? ப்ளீஸ்."

குராமோச்சி நீலக் கதவைப் பார்த்தார். யாரோ வெளியே வந்தார்கள். கதவு திறந்தபடியே இருந்தது.

"முடியாதும்மா. எதிர்ல வர்றவங்க விழுந்துருவாங்க. சுத்தித்தான் போகணும்."

"எவ்ளோ நேரமாகும்?"

"முக்கால் மணி."

அவள் உதட்டைக் கடித்தாள். பிறகு குனிந்து வணங்கி, "மன்னிச்சுக்குங்க, தெரியாமக் கேட்டுட்டேன்," என்று மேலே நடந்தாள். கூட்டம் அவளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

குராமோச்சி கோலை அசைத்தார். கீழிருந்து மேலே. கீழிருந்து மேலே. முதலில் தொடையில் சூடாக இருந்தது. பிறகு முழங்காலில். பிறகு காலுறைக்குள். "நிக்காதீங்க," என்றார். "நடந்துக்கிட்டே இருங்க." சரிவில் காற்று ஏறி வந்தபோது சூடெல்லாம் போய்விட்டது. கால்கள் வேறு யாருடையவோ போலிருந்தன.

அரிசாகா எதிர்ப்பக்கத்துக் கடைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆறரைக்குத் தொகாஷி மேலிருந்து வந்தான். அட்டையில் எழுதிக்கொண்டே வந்தவன் அவருடைய நனைந்த கால்சட்டையைப் பார்த்தான். பார்க்காதவன் போல அட்டையைப் பார்த்தான்.

"எதிர்த்திசையில போனவங்க ஒருத்தர்கூட இல்ல. இந்தத் தெருவுலதான் சார் சுத்தமா நடந்துருக்கு." பையிலிருந்து மழைச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினான். வானத்தில் மேகம் இல்லை. "இதைப் போட்டுக்குங்க. முழங்கால் வரைக்கும் வரும். மாத்து ஆளைக் கீழ் முனைக்கு அனுப்பிட்டாங்க. எட்டு மணி வரைக்கும் பாத்துக்க முடியுமா?"

"சரிங்க."

மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். அது காற்றில் படபடத்தது.

ஏழு மணியாகும்போது நர்ஸ் வேஷக்காரி கீழிருந்து ஏறி வந்தாள். கன்னத்துத் தையல் பாதி கலைந்திருந்தது.

"சுத்தியே போய்ட்டு வந்துட்டேன் தாத்தா," என்று சிரித்தாள். "இந்தக் குளிர்ல எங்களுக்காக நிக்கிறீங்க. இந்தாங்க." சூடான தேநீர் அடைத்த தகர டப்பா ஒன்றை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

குராமோச்சி குனிந்து வாங்கிக்கொண்டார். அவள் மேலே போய் மறையும்வரை பார்த்துவிட்டு, மழைச் சட்டைக்குள் கையை விட்டு, டப்பாவைத் திறக்காமல் ஈரத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை கோலை அசைத்துக்கொண்டிருந்தது, கீழிருந்து மேலே.