நந்தி கொடுத்த பூ

மைசூர் நந்தியைப் பார்த்து வரலாம் என்று அண்ணன் சடையன் கூப்பிட்டபோது செந்தாமரைக்குத் தலைகால் புரியவில்லை. புதூர்நாட்டு மலையை விட்டால் அவள் திருப்பத்தூர் சந்தை வரைக்கும்தான் இறங்கியிருக்கிறாள். போன மாதம்தான் கண்ணமங்கலத்துப் புளி வியாபாரி தாண்டவராயனுக்கு அவளைக் கேட்டு ஆள் வந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், அண்ணனைவிட மூத்தவன். மாட்டேன் என்றாள். "சரி, வுடு" என்று அண்ணனும் விட்டுவிட்டான். சடையன் ஒன்றைச் சுலபமாக விட்டால் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

டூரிஸ்ட் பஸ் ஓசூரைத் தாண்டியதும் முன் சீட்டு வழுக்கைத்தலை திரும்பி பிஸ்கட் நீட்டியது. "நான்தாம்மா தாண்டவராயன். இது எங்கக்கா, சாந்தம்மா." பஸ்ஸில் பாதிப் பேர் அவன் சனம்.

"அண்ணா, இன்னா இது?"

"சாமி பாக்கத்தான போறோம்? கம்முனு வா."

இறங்கி ஓடலாம் என்றால் வெளியே ஒரு வார்த்தை புரியாத ஊர். கதவோரம் அண்ணன். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. வந்து என்ன பிரயோசனம்?

சாமுண்டி மலையில் நந்தி கருகருவென்று படுத்திருந்தது. ஒரே கல்லாம். எல்லாரும் அண்ணாந்து வாயைப் பிளந்தார்கள். நந்தி காதில் குறையைச் சொன்னால் சிவனுக்குப் போகும் என்பார்கள், இந்தக் காதுக்கு ஏணி வைத்தல்லவா ஏற வேண்டும்! கழுத்து நிறைய மணி கட்டி உட்கார வைத்துவிட்டார்கள், பாவம், இதுவும் நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டாள் செந்தாமரை.

சாந்தம்மாள் கூடையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள். "திரும்பும்மா. நந்தி சாட்சியா பூ வச்சிட்டா பேச்சு முடிஞ்சிது."

பூ வைத்துவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி. பிறகு யார் மாட்டேன் என்றாலும் எடுபடாது. சனம் சுற்றி வளைத்து நின்றது. அப்போது அவளுக்குத் தன் ஊர்க் காளி நினைவுக்கு வந்தாள். அந்தக் காளிக்குப் போட்ட பூவை ஒருவரும் தொடமாட்டார்கள், காய்ந்து மண்ணாகிற வரை அங்கேயே கிடக்கும்.

"குடுங்கக்கா, நானே வச்சிக்கறேன்" என்று சரத்தை வாங்கினாள். வாங்கிய கையோடு நந்தியின் குளம்பில் போட்டுக் கும்பிட்டாள். "எனக்கு வாணாம் சாமி. நீயே வச்சிக்கோ."

சாந்தம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. சடையன் பல்லைக் கடித்தான். செந்தாமரைக்கு மூச்சு சீராக வந்தது. சாமிக்குப் போட்டதை எந்தக் கொம்பன் திருப்பி எடுப்பான்?

பூசாரி எடுத்தார். மலைக்குக் கீழே, சமவெளிக் கோயில்களில் அதுதான் வழக்கம். சரத்தை நந்தியின் காலில் ஒற்றி, குங்குமத்தோடு சிரித்த முகமாக அவளிடமே நீட்டினார்.

"பாத்தீங்களா! சாமியே குடுத்துடுச்சி!" என்று சாந்தம்மாள் குலவையிட்டாள். சனமெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எந்த ஊரிலும் வழக்கமில்லை. செந்தாமரையின் கை தானாக நீண்டது. அதிலிருந்த சரத்தை எடுத்து சாந்தம்மாள் அவள் பின்னலில் இறுக்கிச் செருகினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் முன் சீட்டில், தாண்டவராயனுக்குப் பக்கத்தில், அவளுக்கு இடம் போட்டிருந்தார்கள்.