சிவப்பு வண்டிக்கு வழி

சாய்ந்து கிடந்த நெல்லை முத்துவடிவு இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிப் பார்த்தாள். அடியில் கிடந்த கதிர்களில் நாலைந்து மணிகள் மூக்கில் வெள்ளை காட்டத் தொடங்கியிருந்தன. இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் வயல் மொத்தமும் முளைத்துவிடும். நெல் வியாபாரி வரப்பில்கூடக் கால் வைக்க மாட்டான். மேற்கே மலை தெரியவில்லை. குற்றாலத்தில் நேற்றிலிருந்து யாரையும் குளிக்க விடவில்லை என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அங்கே அப்படியென்றால் தங்கள் ஊர் வடகரையை மட்டும் மழை விட்டுவிடப் போவதில்லை.

அறுக்க வண்டி இல்லாமல் இல்லை. ஹுஸைஃபாவின் சிவப்பு அறுப்பு மெஷின் கால்வாய்ச் சாலையில் மூன்று நாளாகச் சும்மா நின்றது. ஆனால் முத்துவடிவின் வயல் உள்ளே இருக்கிறது. சாலையை ஒட்டிய மாடக்கண்ணுவின் வயலை அறுத்தால்தான் அதன் வழியாக வண்டி அவள் வயலில் இறங்க முடியும். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த மாடக்கண்ணு அண்ணாச்சியோ, பச்சை வண்டியைத் தவிர வேறொன்றைத் தன் வயலில் ஏறவிடுகிற ஆள் இல்லை. பச்சை வண்டி வீரகேரளம்புதூர்ப் பக்கம் போயிருந்தது. திரும்பி வர நாலு நாள் ஆகும்.

இரண்டு வண்டிகளின் கம்பெனிப் பெயரும் ஊரில் யார் வாயிலும் நுழையாது. நிறமே போதும். டீக்கடையில் பச்சைக்கு வக்காலத்து வாங்கப் பத்துப் பேர் உண்டு. அதில் ஒருவர்கூடச் சிவப்பில் அறுத்துப் பார்த்தவர் இல்லை. சிவப்பு வண்டி நெல்லைச் சிந்தும் என்பது ஊர் முடிவு. அந்தப் பேச்சு எங்கே கிளம்பியது என்று முத்துவடிவுக்குத் தெரியும். அவள் வாயிலிருந்துதான்.

போன வருஷம் அறுப்பு முடிந்து தண்ணீர் பாய்ச்சியதும் தில்லைநாயகத்தின் வயலில், அறுத்த தாளுக்கு நடுவே, சிந்திய நெல்லெல்லாம் நாற்றங்கால் மாதிரி முளைத்து நின்றது. கூட வேலை பார்த்த பெண்களிடம் அவள்தான் கையை நீட்டிக் காட்டினாள். “பாத்தியளா, செவப்பு வண்டி லெச்சணத்த.” யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. புது வண்டி, புது ஆள், அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது, சொல்லிவிட்டாள். ஒரு மாதம் கழித்து, அங்கே அறுத்தது பச்சை வண்டி என்று தில்லைநாயகமே பேச்சுவாக்கில் சொன்னார். அதற்குள் பேச்சு செங்கோட்டை வரைக்கும் போய்விட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டாள்.

மாடக்கண்ணு வாய்க்கால் மடையில் நின்றுகொண்டிருந்தார். அவர் நெல் இன்னும் நிமிர்ந்துதான் நின்றது. அவருக்கு அவசரமில்லை.

“அண்ணாச்சி, ஹுஸைஃபா வண்டிய விடுவமா? எனக்கு அடியில மொளைக்க ஆரம்பிச்சிட்டு.”

“அது சிந்துத வண்டில்லா? நீதான சொன்ன?”

ஹுஸைஃபா கேட்கிற தூரத்தில்தான் இருந்தான். வண்டியின் செயினில் காய்ந்திருந்த மண்ணைக் கம்பியால் தட்டிக்கொண்டிருந்தான்.

“நான் சொன்னது தப்பு அண்ணாச்சி. தில்லைநாயகம் வயல அறுத்தது பச்ச வண்டி. பொறவுதான் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

கம்பித் தட்டல் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. மாடக்கண்ணு மடையை விட்டு வரப்பில் ஏறினார்.

“ஒரு சுத்து விடச் சொல்லு. பாத்துட்டுச் சொல்லுதேன்.”

ஒரு சுற்று முடிந்ததும் மாடக்கண்ணு நெருங்குவதற்குள் ஹுஸைஃபாவே குதித்து இறங்கி வண்டிக்குப் பின்னால் போனான். விழுந்த வைக்கோலில் ஒரு கை அள்ளித் தன் துண்டில் உதறினான். அவன் முகம் சுருங்கியது.

“கொஞ்சம் சிந்துது அண்ணாச்சி. தாளு ஈரமா இருக்குல்லா. மெதுவாப் போனா நின்னுரும்.”

வேறு ஆளாக இருந்தால் சிந்தியதைக் காலால் தள்ளி மறைத்திருப்பான். இந்தப் பையன் பிழைப்பிலா மண்ணைப் போட்டோம் என்று முத்துவடிவுக்கு நெஞ்சு வலித்தது. அவன் மறுபடி ஏறி, கூடவே நடந்து போகலாம் என்கிற அளவுக்கு நிதானமாக ஓட்டினான். இந்த முறை மாடக்கண்ணு தன் துண்டை விரித்தார். உதறினார், ஊதினார். பதர் பறந்தது. மிஞ்சிய மணிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர் விடவில்லை. பத்தடி தள்ளிப் போய் ஈர மண்ணில் முழங்காலை ஊன்றி இன்னொரு தரம், அப்புறம் வயல் மூலையில் இன்னொரு தரம். தன் பிடிவாதத்தைத் தானே இப்படி உதறிப் பார்க்கிற மனுஷரை அவள் அதுவரை கண்டதில்லை. அவர்மேல் அவளுக்கு மதிப்பு கூடியது.

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு ஹுஸைஃபாவைப் பார்த்தார். “ஓட்டுலே. முழுசையும் அறு.”

மத்தியானம் தாண்டி அவர் வயல் முடிந்தது. முத்துவடிவு ஹுஸைஃபாவின் அருகில் போனாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவனே முந்திக்கொண்டான். “தார்ப்பாய விரிச்சி வைங்கக்கா. மழ வந்துரும்.” ஏதாவது திட்டியிருந்தாலும் அவளுக்கு ஆறியிருக்கும்.

வண்டி இறங்குவதற்காக மாடக்கண்ணு மண்வெட்டியால் நடு வரப்பைச் சரிவாக வெட்டிக்கொண்டிருந்தார். அவள் அதை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“தில்லைநாயகத்துக்கு அந்தப் பச்ச வண்டியப் பேசி விட்டதே நாந்தான்,” என்றார் தலை நிமிராமல்.

அவள் நீட்டிய கையை இறக்கினாள்.

“போன வருஷம் நீ சொல்லும்போதே அது தப்புன்னு எனக்குத் தெரியும்.”

இன்னும் ஒரு வெட்டு மண்ணை எடுத்துப் போட்டு மிதித்தார். அவள் குனிந்து தன் பங்குக்கு ஒரு கட்டியைத் தூக்கிச் சரிவில் வைத்தாள். வண்டி நெருங்கியதும் இருவரும் ஒரே பக்கமாக ஒதுங்கினார்கள். அது ஒருமுறை ஆடி, மூக்கைத் தாழ்த்தி, அவள் வயலில் இறங்கியது. படுத்துக் கிடந்த கதிர்கள் எழுந்து எழுந்து உள்ளே போயின. ஹுஸைஃபா இருவர் பக்கமும் பார்க்கவில்லை. பின்னால் விழுகிற வைக்கோலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.