செய்யாததற்கு ஒரு மன்னிப்பு

மன்னிப்புக் கேட்பதில் என் வீட்டுக்காரர் செல்லசாமியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்திப் போனாலும், கொழுந்து நிறை குறைந்தாலும், ஆபீஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு, "தப்புத்தாங்க தொரை, மன்னிச்சுக்குங்க" என்றால் மறுநாள் வேலை கிடைக்கும். நியாயம் பேசினால் வேலை நிற்கும். ஒருமுறை பக்கத்து லயத்து வரிசை வீட்டு ஆள் வெட்டிய மரத்துக்கு இவர் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க வெட்டவே இல்லையே! ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"சொன்னா என்னா புள்ள, வாய் தேஞ்சா போயிரும்? வேலை குடுத்துட்டாங்கல்ல."

அந்த வாய்தான் கடைசியில் அவரைக் கொழும்புச் சிறையில் கொண்டுபோய்ப் போட்டது.

தொண்ணூற்றெட்டில், அட்டனில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் சேலை வாங்கி வரச் சொல்லி இவரைத் திருச்சிக்கு அனுப்பினார். அந்தப் பக்கம் போய்க் குடியேறிவிட்ட அக்காவையும் பார்த்துவிடலாம் என்று இவருக்குக் கால் தரையில் படவில்லை. திரும்பி வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைப் பிளந்தார்கள். அடித்தட்டுக்குள் ஹெரோயின். முதலாளியின் ஆள் திருச்சியில் கொடுத்த பெட்டி அது. இவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் சுங்க அதிகாரி மேசையைத் தட்டி, முதலாளியும் நீயும் சேர்ந்துதானே செய்தீர்கள் என்று அதட்டியதும், என் மகராசன் கையைக் கட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறார்:

"தப்புத்தாங்க ஐயா, மன்னிச்சுக்குங்க. இனிமே செய்யமாட்டேன்."

அப்படியே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். முதலாளி எந்த நாட்டுக்கு ஓடினாரோ, கடைசிவரை அகப்படவில்லை. அவரோடு கூட்டுச் சதி செய்து போதைப்பொருள் கொண்டுவந்தார் என்று இவருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது.

மேன்முறையீட்டுக்கு வாதாட வந்தவர் கேதீஸ்வரி, யாழ்ப்பாணத்து வக்கீலம்மா. நல்ல மனுஷி. ஆனாலும் அவருக்கே அது பிடிபடவில்லை.

"பூரணி, செய்யாத ஆள் ஏன் மன்னிப்புக் கேட்டவர்?"

"எங்க தோட்டத்துல அப்படித்தாங்கம்மா. கேட்டாத்தான் விடுவாங்க."

"நான் நம்புறன். கோட்டிலை நீதிபதிமார் நம்ப வேணுமே."

வக்கீலம்மா சிறைக்குப் போய் இவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். இனி யார் என்ன கேட்டாலும் நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், மன்னிப்பு என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று. நானும் பார்க்கப் போனபோதெல்லாம் கம்பிக்கு வெளியே நின்று அதையே சொல்லித் திட்டினேன். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

வாதாடிய அன்று எல்லாம் இங்கிலீசில் நடந்தது. வக்கீலம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்து வழக்கத்தை அவர் எடுத்துச் சொன்னபோது ஒரு நீதிபதி லேசாகச் சிரித்தார். செய்யாத ஒன்றை இனிமேல் செய்யமாட்டேன் என்று யாராவது சொல்வார்களா என்று அவர் கேட்டதாக வெளியே வந்த பிறகு தெரிந்தது. எங்கள் லயத்தில் வந்து கேட்டிருந்தால் வீட்டுக்கு ஓர் ஆளைக் காட்டியிருப்பேன்.

தீர்ப்பு நாளில் இவரைக் கூண்டில் நிறுத்தினார்கள். மெலிந்து, சட்டை தோளில் தொங்கியது. நீதிபதி எதையோ வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்:

"மேன்முறையீடு தள்ளுபடி. தண்டனையில் மாற்றமில்லை."

அவ்வளவுதான். வக்கீலம்மா கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார். நீதிபதிகள் எழுந்தார்கள்.

இனி யாரிடம் போவேன்? தலைக்குள் ஒன்றுமே இல்லை. எப்படி ஓடினேன் என்று தெரியாது, முன்தடுப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றேன். என் கை தானாகக் கட்டிக்கொண்டது.

"தப்புத்தாங்க சாமி! இனிமே செய்யமாட்டாரு. இந்த ஒருவாட்டி மன்னிச்சு விட்டுருங்க சாமி!"

பொலிஸ்காரி என் தோளைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் கூண்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"சொல்லாத பூரணி! நான் ஒன்னும் செய்யல! நான் ஒன்னுமே செய்யல!"

நீதிபதிகள் உள்ளே போய்க் கதவும் சாத்தியாகிவிட்டது.