வீட்டுக்கு ஒரு காரணம்

அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் காரில் அவன் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கை நடுங்க வருகிறவர்களிடம் அதைக் காலால் தட்டிக் காட்டி, "என் பக்கமும் ஒண்ணு இருக்கு, தைரியமா ஓட்டுங்க" என்பான்.

வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று தெரிந்ததும் தெருவில் பாதிப் பேர் அவனைக் குடிகாரன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். "குடிக்காமலே பேர் வாங்கிட்டேன் பாரு எலி, செலவு மிச்சம்" என்றான் என்னிடம். காகிதத்துக்குள்ளேயே கிடப்பவள் என்பதால் நான் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே எலி. பாடப்புத்தகங்கள் அடிக்கும் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். ஒரே வரி இரண்டு இடத்தில் வந்தால் என் கண் தானாக நின்றுவிடும்.

வேறு கல்லீரல் வைப்பது ஒன்றுதான் வழி என்றார்கள். இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயரும் ஏறியது. கேட்பவர்கள் நிறைய, கொடுப்பவர்கள் அபூர்வம். "டோக்கன் குடுத்துட்டாங்க, கவுன்ட்டர்லதான் ஆளே இல்ல" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். சிரிக்கும்போது கண்ணின் மஞ்சள்தான் முதலில் தெரியும். உடம்பெல்லாம் அரிப்பு. பாப்பாவின் சீப்பை வாங்கி முதுகைச் சொறிந்துகொள்வான். பாப்பா அவன் மகள். அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

வீட்டில் யாராவது தங்கள் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், வெட்டியது திரும்ப வளர்ந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், அண்ணி யோசிக்கவே இல்லை. "நான் குடுக்கறேன்" என்றாள். ரத்த வகை சேர்ந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். இன்னொரு நாள் தனியாகக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"ரத்தக்குழாய் கிளை பிரியற விதம் சரியில்லையாம். எடுத்தா எனக்கே ஆபத்தாம்."

சொல்லிவிட்டு அழுதாள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். "விடு. உனக்கும் எனக்கும் டீயில கூடத்தான் ஒத்துப்போகாது. உனக்குச் சக்கரை தூக்கல், எனக்குக் கம்மி" என்றான். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லார் பார்வையும் என் பக்கம் திரும்பியது. பேச்சை எடுத்தவர் சித்தப்பாதான். "உனக்கென்னம்மா, புள்ளையா குட்டியா? தனிக்கட்டை" என்றார், ஏதோ எனக்குப் பரிசு விழுந்தது போல.

"சித்தப்பா, அவ ஒண்ணும் ஸ்டெப்னி டயர் இல்ல" என்றான் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா சொன்னதில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. நானே அப்படித்தான் கணக்குப் போட்டுவைத்திருந்தேன்.

எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு என்னையும் தனியாகக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. மேஜை மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் கல்லீரல். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும்.

"நான் உங்க அண்ணனோட டாக்டர் இல்ல. அவரைப் பாத்ததுகூட இல்ல. எனக்கு நீங்க மட்டும்தான்" என்று ஆரம்பித்தார். என் கல்லீரல் பொருந்துகிறது, வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை என்றார். கொடுப்பவர் இறந்துபோவதும் அபூர்வமாக நடப்பதுண்டு என்பதையும் மறைக்கவில்லை. பிறகு கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"இஷ்டம் இல்லைன்னா தயங்காம சொல்லுங்க. பயமா இருக்குன்னாலே போதும். வீட்டுக்கு என்ன சொல்றதுன்னு நீங்க கவலைப்பட வேண்டாம். ரத்தக்குழாய் கிளை பிரியற விதம் சரியில்ல, எடுத்தா உங்களுக்கே ஆபத்துன்னு நாங்க சொல்லிடுவோம். நிஜம் என்னன்னு யாருக்கும் தெரியாது."

பிளாஸ்டிக் கல்லீரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் கைப்பையோடு நின்ற அண்ணி கண்ணுக்குள் வந்தாள்.

"இதை எல்லார்கிட்டயும் கேப்பீங்களா டாக்டர்?"

"கொடுக்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் கேப்போம்."

"அந்தக் காரணம் சில பேருக்கு நிஜமாவும் இருக்குமா?"

"நிறைய பேருக்கு இருக்கும். அதனாலதானே நம்புறாங்க."

அவ்வளவு நல்லவர் அவர். அவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது? இன்னொருவர் விஷயத்தை அவர் சொல்லவும் மாட்டார். நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் ஆசையாக இருந்தது. அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, டாக்டரம்மா கொடுத்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடியே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதைச் சொல்வதாக நினைத்துப் பார்த்தேன். அண்ணன் நம்புவான். சித்தப்பா நம்புவார். அண்ணி? அவளுக்கு அது நிஜமாகவே சொல்லப்பட்ட காரணம் என்றால், பாவம், அவளும் நம்புவாள். இல்லையென்றால் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் அவன் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

யாருக்கும் தெரியாமல் பின்வாங்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்த வழியாக ஒருவர்தான் போக முடியும். போயாகிவிட்டதோ என்னவோ.

வீட்டில் அண்ணி சாப்பாடு போட்டாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டவள் என் தட்டையே பார்த்தாள்.

"நாளைக்குச் சொல்வாங்களாம் அண்ணி."

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தான். குரலைத் தணித்தான். "எலி, என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. உனக்கு இஷ்டமில்லைன்னா கண்ணைக் காட்டு. எனக்கு ஆபரேஷனே வேணாம்னு நானே சொல்லிடறேன். உன்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

கண்ணைக் காட்டியிருக்கலாம். "சும்மா இரு, முதுகைத் திருப்பு" என்று சொல்லி, சீப்பை வாங்கி அவனுக்குச் சொறிந்துவிட்டேன். மறுநாள் டாக்டரம்மாவிடம் சம்மதம் சொன்னேன். "நீங்களா எடுத்த முடிவுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் எவ்வளவு பாசம், எவ்வளவு வேறு வழியில்லாமை என்று பிரித்துச் சொல்லும் சோதனை எதுவும் அவர்களிடம் இல்லை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது என்றுதான் முதலில் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன் என்னைப் பார்த்ததும் ஒரு காலை மெல்ல அசைத்து, இல்லாத பிரேக்கை அழுத்திக் காட்டினான். கண்ணில் மஞ்சள் குறையத் தொடங்கியிருந்தது. அதற்குள் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. திறந்து சரிசெய்து பார்த்தார்கள். நான் கொடுத்தது அவனுக்குள்ளேயே அழுகிப்போனது. இன்னொரு கல்லீரல் உடனே வேண்டும் என்று பட்டியலின் உச்சியில் அவன் பெயரை வைத்தார்கள். உச்சியில் வைத்தாலும் கவுன்ட்டரில் ஆள் வர வேண்டுமே. வரவில்லை. அண்ணன் போய்விட்டான்.

சாவு வீட்டில் சித்தப்பா என் தலையில் கை வைத்து, "குடுத்தும் வீணாப் போச்சேம்மா" என்று அழுதார். ஆறுதலாகச் சொன்னதுதான். அண்ணி என் தோளில் சாய்ந்து, "எனக்கு மட்டும் சேந்திருந்தா" என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள்.

எனக்குத் தையல் போட்ட இடத்தில் ஓரிடம் ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. அண்ணிதான் தினமும் துடைத்துக் கட்டுப் போட்டாள். அதில் அவள் கை அவ்வளவு பதமாக இருக்கும். ஆஸ்பத்திரியில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, என் கல்லீரல் அநேகமாகப் பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன அன்று மதியம், பாப்பா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அண்ணி பஞ்சை நனைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா உன்னையும் தனியா வச்சுப் பேசினாங்க இல்ல?"

"ஆமா அண்ணி."

"என்ன கேட்டாங்க?"

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை என் வயிற்றின் மேல் அப்படியே நின்றது. கேட்டுவிடலாம். கேட்டால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நாளைக்கு இந்தக் கட்டை யார் மாற்றுவது? பாப்பாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

"பயமா இருக்கான்னு கேட்டாங்க. அவ்வளவுதான்" என்றேன்.

அண்ணி மூச்சு விட்டது கேட்டது.

"என்கிட்டயும் அவ்வளவுதான் கேட்டாங்க" என்றாள்.

ஒவ்வொருவரிடமும் கேட்போம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்வது பொய் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு ரத்தக்குழாய் சரியாக இருந்ததா இல்லையா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

அவள் பிளாஸ்திரியை எடுத்து ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினாள்.

"வலிக்குதா?"

"இல்ல அண்ணி."