இரண்டு தரம் கேட்ட பூ

என் வீட்டுக்காரர் கோதண்டபாணிக்குக் கோபம் வந்தால் பேசமாட்டார், டைப் அடிப்பார். எங்கள் ஊர்ப் பாலக்கரையில் மாடி மேல் காமர்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர். வீட்டிலும் ஒரு பழைய மிஷின் வைத்திருந்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் டக்டக் சத்தம்தான். நான் பேசுவேன், அவர் அடிப்பார். நடுவில் எங்கள் மகள் வாசுகி உட்கார்ந்து நகத்தைக் கடிப்பாள்.

விஷயம் இதுதான். வாசுகி பி.காம். முடித்துவிட்டு மெட்ராசில் ஒரு மேனேஜ்மெண்ட் காலேஜுக்கு விண்ணப்பம் வாங்கியிருந்தாள். நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும். எழுபத்தேழாம் வருஷம் அது. அந்த வருஷம் மட்டும் பழைய முறையிலும் எழுதலாம், புதிய முறையிலும் எழுதலாம், எது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று காலேஜ்காரர்கள் வைத்துவிட்டார்கள். சொன்ன பிறகு மாற்ற முடியாது. பழையது என்றால் இங்கிலீஷில் கட்டுரை, ஒரு பக்கத்தைச் சுருக்கி எழுதுவது, வட்டிக் கணக்கு என்று எல்லாம் கை ஒடிய எழுத வேண்டும். புதியது என்றால் கேள்விக்குக் கீழே நாலு பதில் இருக்கும், சரியானதற்கு ஒரு டிக் போட்டால் போதும். ஆனால் தப்பாக டிக் போட்டால் வாங்கின மார்க்கையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

சீட்டு கிடைத்தால் மெட்ராஸ். கிடைக்காவிட்டால் தை மாதம் என் தம்பி சாமிதுரையோடு கல்யாணம். அவன் பெண்ணாடத்தில் பம்புசெட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். தங்கமான பிள்ளை, ஒரு பீடி கூடக் குடிக்கமாட்டான். தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெளியில் எதற்கு மாப்பிள்ளை தேட வேண்டும் என்று நான்தான் பேசி முடித்தேன். வாசுகியும் முகம் சுளிக்கவில்லை. "சீட்டு கிடைக்கலன்னா சரிம்மா" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதனால் அவள் தோற்கத்தான் நான் காத்திருக்கிறேன் என்று தெருவில் நாலு பேர் பேசினார்கள். பேசட்டும். பெற்றவளுக்குத் தெரியாதா பெண்ணின் அருமை? புதிய முறையில் எழுதட்டும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டவளே நான்தான். விண்ணப்பத்தோடு வந்த மாதிரிக் கேள்வித்தாளை ஒரு ஈடு இட்லி வேகும் நேரத்துக்குள் பாதி முடித்துவிட்டாள் அவள். மூளை அப்படி ஓடும். கட்டுரை எழுது என்றால் மட்டும் முதல் வரியிலேயே மாடு மாதிரிப் படுத்துவிடுவாள்.

அவருக்கோ பழையதுதான் வேண்டும். இருபது வருஷமாக அதைத்தான் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்.

"நாலுல ஒன்னைத் தொடறது ஒரு படிப்பா அமிர்தம்? தாயக்கட்டை உருட்டற மாதிரி இருக்குது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. மறுபடி டக்டக் ஆரம்பித்தது.

மறுநாள் அவரே அடுப்படிக்கு வந்து நின்றார். கைப்பிடி கோணலாகப் போனதால் எங்கள் ஊர் செராமிக் பாக்டரியில் கழித்துக் கட்டிய கப்புகள்தான் எங்கள் வீட்டில் புழங்கும். அதிலொன்றில் காபியை வாங்கிக்கொண்டு, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நானும் அந்தப் பேப்பரைப் போட்டுப் பாத்தேன். பாதி கூடத் தேறல. எனக்கே புரியாததை என் பொண்ணுக்கு எப்படிச் சொல்லிக் குடுப்பேன்? பழசுன்னா பக்கத்துல உக்காந்து தேத்தி வுட்டுடுவேன்."

அதுவரைக்கும் எரிச்சலாக இருந்த எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. அதற்காகப் பாவம் பார்த்துப் பெண்ணின் காலத்தைத் தொலைக்க முடியுமா? நான் விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் இறங்கவில்லை. கடைசியில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர்கிட்டயே கேட்டுவிடுவோம் என்றார் அவர்.

"பிராதா கட்டப் போறீங்க?" என்றேன். எங்கள் பக்கத்தில் வழக்கு, திருட்டு, ஏமாற்று என்றால் அந்தச் சாமியிடம்தான் சீட்டெழுதிப் பிராது கட்டுவார்கள்.

"யாரு மேல பிராது? பூப்போட்டுப் பாத்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். சிவப்பு அரளி பழைய முறை, வெள்ளை நந்தியாவட்டை புதிய முறை. தனித்தனியாக இலையில் மடித்து, நூல் சுற்றிச் சாமி முன்னால் போட்டார் ஐயர். கும்பிட வந்த யார் வீட்டுப் பெண்பிள்ளையோ ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அது எடுத்தது. பிரித்தால் வெள்ளை. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வாசுகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையெல்லாம் வேர்த்திருந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு ரெண்டு பொட்டலத்தையும் தொட்டுப் பாத்துட்டுதான் எடுத்துச்சி. அது செல்லாது."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கமாட்டான்ற கதையா இருக்குது" என்றேன். "கேட்டாச்சு, சொல்லியாச்சு. மறுக்கா கேக்கக் கூடாதுங்க. எங்கயும் அந்த வழக்கம் கெடையாது."

கேட்டாரா மனுஷன்? மறுநாள் இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிவிட்டுத் தனியாகப் போய்ப் பூப்போட்டுவிட்டு வந்தார். இந்த முறை சிவப்பு வந்ததாம். சட்டைப்பையிலிருந்து அரளியை எடுத்து என் முன்னால் வைத்தார். சாமிக்கே குறுக்கு விசாரணை நடத்திவிட்டு வந்த மனுஷனை என்ன செய்வது? பூ சொன்னதை மீறினால் குற்றம். இப்போது எதைச் செய்தாலும் ஒரு பூவை மீறித்தான் ஆக வேண்டும்.

"உங்க பிடிவாதத்துக்கு என் பொண்ணு தலையில மண்ணை வாரிப் போட்டுட்டீங்களே" என்று அழுதேன். அவர் மிஷின் பக்கம் கூடப் போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

விண்ணப்பம் தபாலில் சேர வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் அவர் வாசுகியைக் கூப்பிட்டார்.

"நீயே சொல்லும்மா. எது சொன்னாலும் சரி."

"பழசே எழுதறேன்பா."

எனக்கு உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறியது. "உனக்கென்னடி பைத்தியமா? கட்டுரைன்னா காத தூரம் ஓடுவியே. அப்பா மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்றியா?"

"இல்லம்மா. புதுசு எனக்கு வரும்தான். ஆனா இப்பல்லாம் டிக் போடப் போனா கை நடுங்குது. விடை தெரிஞ்சாலும் தப்பா இருந்துட்டா என்ன பண்றதுன்னு தோணுது. ஒவ்வொரு டிக்குலயும் மாமா வூடுதான் கண்ணுக்குத் தெரியுது. பழசுல மார்க்கைப் புடுங்கமாட்டாங்க. எழுதின வரைக்கும் கெடைக்கும்."

"மாமா உன்னைக் கடிச்சா திங்கப் போறான்?"

"மாமா நல்லவருதான். நான் அவரைச் சொல்லல." அவள் குரலே உயர்த்தவில்லை. "பழசா புதுசான்னு ரெண்டு பேரும் சாமியைப் போட்டு அந்தப் பாடு படுத்தினீங்க. சீட்டு கெடைக்கலன்னா கல்யாணம்ங்கறது சரியான்னு யாராவது பூப்போட்டுக் கேட்டீங்களா? அதை மட்டும் ஏன்மா கேக்கல?"

அவர் என்னைப் பார்த்தார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேனே, அடுப்பு மூட்டியவள் நான்தானே. அந்தக் கணம் பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகப் பெண்ணாடத்துக்குப் பஸ் ஏறினேன். தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவனுக்கு அவளைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தைக்குள் முடிய வேண்டும் என்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தான்.

சாமிதுரை கடை வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வாக்கா. என்ன திடீர்னு? டீ சொல்லட்டுமா?"

"டீயெல்லாம் வேணாம்டா, உக்காரு." ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பழையது, புதியது, வெள்ளைப் பூ, சிவப்புப் பூ, கை நடுங்குகிறது என்று அவள் சொன்னது, எதையும் விடவில்லை. "பரிச்சை முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சே வேணாம்டா தம்பி. அவ பயப்படறா. தோத்துட்டா உன்கிட்ட வந்து மாட்டிக்குவோம்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அப்போதுதான் யாரிடம் என்ன சொல்கிறேன் என்று உறைத்து நிறுத்தினேன்.

அவனுக்குக் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"பாஸானா மெட்ராஸு, பெயிலானா சாமிதுரை. இப்படித்தான் பேசி முடிச்சியாக்கா? என்கிட்ட வாசுகிக்கு இஷ்டம்னு மட்டும்தானே சொன்ன?"

"இஷ்டம்தான்னு நெனைச்சேன்டா."

"நான் என்ன பெயிலு மார்க்காக்கா?"

அழுகையை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"புதுசையே எழுதச் சொல்லு. தைரியமா டிக் போடட்டும். பாஸானாலும் சரி, பெயிலானாலும் சரி, அதுக்கப்புறம் என்னைக் கட்டிக்க இஷ்டமான்னு தனியாக் கேளு."

"அவ வேணாம்னு சொல்லிட்டா?"

அவன் மோட்டார் பக்கத்தில் மறுபடி குந்திக்கொண்டு ஸ்பேனரைத் தேடினான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்லட்டும். பெயிலானதாலதான் இங்க வந்தேன்னு நெனைக்கிற பொண்ணுகூட எத்தினி வருஷம்க்கா குடும்பம் நடத்தறது?"