மல்லாட்டைக் கொல்லையும் ஐந்தாம் அத்தியாயமும்

அருணாதேவியின் பெயர் அதுவரை மூன்றே இடங்களில் அச்சாகியிருந்தது. வாக்காளர் பட்டியலில் வந்தது. அதில் அவளுக்கு ஐந்து வயது கூட்டிப் போட்டிருந்தார்கள். தங்கையின் கல்யாணப் பத்திரிகையில் வந்தது. மடிப்பு விழுகிற இடத்தில். மூன்றாவதாக, போன மாதம் கப்பலேறி வந்து இறங்கிய முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தின் நன்றியுரையில், 'என் காதும் நாக்கும்' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் வந்தது. அந்தப் பக்கத்தை அவள் படமெடுத்துத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள்.

நான்காவதாக வரப்போவதுதான் பெரிய விஷயம். புத்தகத்தை எழுதிய பேராசிரியர் இங்க்ரிட் அடுத்த புத்தகத்துக்கு அடிபோட்டாயிற்று. மூன்று வருஷ வேலை. அட்டையில் இரண்டு பெயர், இங்க்ரிட், அருணாதேவி. இதை நம்பி அவள் செங்கம் சாலை விடுதியில் பார்த்துக்கொண்டிருந்த வரவேற்பு வேலையை விட்டுவிட்டாள். இன்று காலை அடி அண்ணாமலை சமுதாயக் கூடத்தில், ஊரார் முன்னிலையில், இங்க்ரிட் அதை அறிவிக்கப் போகிறார்.

முதலில் வந்தது என்ன புத்தகம் என்று சொல்லிவிடுகிறேன். குரங்கும் மனிதரும் ஒரே மண்ணில் எப்படிச் சேர்ந்து பிழைக்கிறார்கள் என்று ஆராயும் சூழலியல் நூல். பல்கலைக்கழக நூலகங்கள் வாங்கி அடுக்க, நாற்பது பேர் படிக்க, அந்த நாற்பது பேரும் அதை மேற்கோள் காட்டித் தலைக்கு ஒரு புத்தகம் எழுத என்று அச்சிடுகிற வகை. அதன் விலைக்கு நம்மூரில் ஓர் ஆடு வாங்கலாம். ஆட்டைக் கட்டிப் போட்டால் குட்டியாவது போடும்.

இங்க்ரிட் நல்ல மனுஷி. குளிர்தேசத்திலிருந்து வந்து, ரமணாசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, இரண்டு வருஷம் தினமும் சைக்கிள் மிதித்து அடி அண்ணாமலைக்குப் போய்வந்தவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது நாலு சொல்: வணக்கம், போதும், காரம், நன்றி. மிச்சத் தமிழுக்கெல்லாம் அருணாதேவிதான் பொறுப்பு. அங்கேதான் வினை.

கடலைக் கொல்லைக்காரி பச்சையம்மாள் பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் பேசுவாள். அருணாதேவி அதை ஒரு வரி ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பாள். "இவ்வளவு பேசினாரே, இவ்வளவுதானா?" என்று ஒருநாள் இங்க்ரிட் கேட்டார். "எங்கள் மொழியில் மரியாதைச் சொற்கள் அதிகம்" என்றாள் அருணாதேவி. பச்சையம்மாள் அப்போது பேசியதில் மரியாதை மருந்துக்கும் இல்லை.

பச்சையம்மாளின் கொல்லைக்கும், அவள் புருஷனுடைய அண்ணன் கண்ணாயிரத்தின் கொல்லைக்கும் நடுவே ஒரு வரிசைக் கடலைச் செடி, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, அறுவடைக்குப் பிறகும் பிடுங்காமலே நிற்கும். குரங்குகள் வந்து உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். இங்க்ரிட் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஒரு வரிசையை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

பச்சையம்மாள் உள்ளதைச் சொன்னாள். பாகம் பிரித்தபோது சர்வே கல் ஓரடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தகராறு. விதைக்கிற காலத்தில் இரண்டு வீட்டாரும் போட்டி போட்டு அந்த வரிசையில் விதைப்பார்கள். பிடுங்குகிற காலத்தில் ஒருவரை ஒருவர் தொட விடமாட்டார்கள். பதினோரு வருஷமாக இப்படி. புருஷனின் அண்ணன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது அந்த வீட்டுப் பெண்களுக்குக் கட்டுப்பாடு. ரேஷன் கடையில் கேட்டால்கூட, "ஆயிரம் கண்ணு இருக்கறவரு" என்றுதான் பச்சையம்மாள் சொல்வாள். அதனால், வரிசையில் முதலில் வந்து உட்கார்ந்த காதறுந்த கடுவனுக்குக் கண்ணாயிரம் என்று பெயர் வைத்துவிட்டாள். இனி என்ன குறை? காலையும் மாலையும் வரப்பில் நின்று, பெரியவர் வீட்டு ஜன்னலுக்குக் கேட்கிற மாதிரி, குரங்கை ஆசை தீரத் திட்டலாம். மற்றக் குரங்குகளுக்கும் அந்த வீட்டு உறவுமுறைப்படியே பெயர் வைத்தாயிற்று.

இதைக் கேட்டு அருணாதேவிக்கு முகம் சுண்டிவிட்டது. கடல் தாண்டி வந்த அம்மாவிடம் இந்தப் பங்காளிச் சண்டையையும் ஜாடைப் பேச்சையும் எப்படிச் சொல்வது? ஊர் மானம் என்ன ஆவது? ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஆங்கிலத்தில், "குரங்குகளும் எங்கள் சொந்தம்தான். அவற்றின் பங்கை நாங்கள் தொடுவதில்லை" என்றாள்.

இங்க்ரிட் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர்தான் கெடுத்தது. அதன்பிறகு பச்சையம்மாள் வாய் திறந்தபோதெல்லாம் அருணாதேவி அதற்குப் பொட்டு வைத்துப் பூ வைத்துத்தான் அனுப்பினாள். அந்த ஒரு வரி வளர்ந்து ஐந்தாம் அத்தியாயம் ஆயிற்று. புத்தகத்துக்கே 'விட்டுவைத்த வரிசை' என்று பெயராயிற்று.

இன்று காலை சமுதாயக் கூடத்தில் நாற்காலிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அருணாதேவியிடம் ஓவியா வந்தாள். பச்சையம்மாளின் மகள், கல்லூரியில் தாவரவியல் படிப்பவள். கையில் புத்தகம்.

"அருணாக்கா, நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கத்துல எங்கம்மா சூப்பரா பேசியிருக்காங்க."

அருணாதேவி கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினியா?"

"நேத்தே காட்டிட்டேன். ரெண்டு தபா படிக்கச் சொன்னாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

பச்சையம்மாள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வறுத்த கடலை. ஒன்றொன்றாக உடைத்து வாயில் போட்டபடி அருணாதேவியையே பார்த்தாள். "இன்னாமா அருணா, வேர்க்குது? ஃபேன் போடச் சொல்லட்டா?" என்று அன்பாக விசாரித்தாள்.

இங்க்ரிட் பேசினார். அருணாதேவி தமிழில் சொன்னாள். முதலில் புகழ்ந்தது மலையை, பிறகு ஊரை. அதுவரை பாதகமில்லை. பிறகு இங்க்ரிட் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து கம்பீரமாக வாசித்தார். அருணாதேவி தான் புளுகியதைத் தானே தமிழாக்க வேண்டியதாயிற்று.

"குரங்குகளும்... எங்கள் சொந்தம்தான்..." என்று முனகினாள்.

"கேக்கல, சத்தமா சொல்லுமா!" என்றாள் பச்சையம்மாள்.

கூடத்தில் ஒரு சிரிப்பலை கிளம்பி அடங்கியது. அந்த வரப்பில் கேட்கிற வசனங்கள் ஊருக்கே மனப்பாடம். எல்லாரும் பச்சையம்மாளைப் பார்த்தார்கள். அவளோ கடலையை உடைத்தாள். காட்டிக்கொடுக்கிற எண்ணமே அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இவளைக் கொஞ்சம் கொதிக்கவிட்டு வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் வந்திருந்தாள். அப்படியே விட்டிருந்தால் அருணாதேவி தப்பித்திருப்பாள்.

கெடுத்தது ஒரு சால்வை. வரிசையை விட்டுக்கொடுத்த இரண்டு குடும்பத்துக்கும் மரியாதை செய்ய இங்க்ரிட் ஆரணிப் பட்டுச் சால்வை இரண்டு வாங்கி வந்திருந்தார். மூத்தவர் என்று கண்ணாயிரத்தை முதலில் மேடைக்கு அழைத்தார்கள். அவர் தோளைக் கொடுத்துச் சால்வையை வாங்கிக்கொண்டு, ஒலிபெருக்கியையும் கையில் வாங்கிக்கொண்டார்.

"வாயில்லாத ஜீவனுங்க பாருங்க. போனா போகுதுனு மொதமொதல்ல அந்த ஒரு சால் செடிய வுட்டது நான்தாங்க. அப்புறந்தான் எங்க தம்பி வூட்ல ஒத்துக்கினாங்க."

பச்சையம்மாள் மடியிலிருந்த கடலை தரையில் சிதறியது.

"யாரு வுட்டது? போனா போகுதா?" என்று எழுந்தாள். "அஞ்சு தபா தாலுக்கா ஆபீஸுக்கு நடந்தவரு யாரு? ராவோட ராவா கல்ல நவுத்தினது யாரு? அந்த மல்லாட்டைய இவரு தின்னக் கூடாதுனு நான் வுட்டேன். நான் தின்னக் கூடாதுனு இவரு வுட்டாரு. நடுவுல கொரங்கு தின்னுது. இதுக்கு சால்வையா?"

கண்ணாயிரம் சால்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். யாராவது உருவிவிடுவார்கள் என்று பயம் போலிருக்கிறது. இங்க்ரிட் அருணாதேவியின் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்கிறார்?"

ஓவியா தலையைச் சாய்த்து அருணாதேவியைப் பார்த்தாள். இன்னும் ஒரு பொய் போதும். 'இவரும் குரங்குகளை வாழ்த்துகிறார்' என்று சொன்னால் முடிந்தது. அட்டையில் பெயர் கண்ணெதிரே தெரிந்தது. அருணாதேவி வாயைத் திறந்தாள்.

அதற்குள் பச்சையம்மாள் குரலைத் தாழ்த்தி அவளிடம் சொன்னாள். "ரெண்டு வருஷம் கள வெட்றத வுட்டுட்டு உங்கூட உக்காந்து பேசினேன் அருணா. நான் பேசினது அவ்ளோ கேவலமா பூட்ச்சா உனக்கு? எவளோ பேசினத எம்பேர்ல போட்டுக்கினு வந்து நிக்கற."

அருணாதேவிக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் மானம், ஊர் மானம் என்று இரண்டு வருஷம் காத்தாளே, அந்த மானத்தில் பச்சையம்மாளுடையதைச் சேர்க்கவே இல்லை. சர்வே கல்லிலிருந்து ஆரம்பித்தாள். தாலுக்கா ஆபீஸ், இரட்டை விதை, ஜன்னல், காதறுந்த கண்ணாயிரம், கடைசியாகச் சொன்ன 'எவளோ பேசினது' வரை ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். 'மரியாதைச் சொற்கள்' இரண்டை மட்டும் எப்படிச் சொல்வதென்று திணறினாள். ஓவியா எடுத்துக்கொடுத்தாள்.

இங்க்ரிட் திறந்திருந்த புத்தகத்தை மூடினார். "இந்த வரியை என் கட்டுரையிலிருந்து எடுத்து ஏற்கெனவே மூன்று நூல்கள் மேற்கோள் காட்டியிருக்கின்றன" என்றார். "இரண்டு வருஷமும் இப்படித்தானா?"

"மழையளவு எல்லாம் சரியாகத்தான் சொன்னேன்" என்றாள் அருணாதேவி.

"கொல்லைக்குப் போவோம்" என்றார் இங்க்ரிட். அறிவிப்பு எதுவும் நடக்கவில்லை.

கூடமே பின்னால் நடந்தது. அறுவடை முடிந்து இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்த கொல்லை நடுவே அந்த வரிசை மட்டும் தளதளவென்று நின்றது. குரங்குகள் ஆட்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தன. இங்க்ரிட் ஒலிப்பதிவுக் கருவியைத் திறந்து, முதன்முதலில் கேட்ட அதே கேள்வியை மறுபடி கேட்டார். பச்சையம்மாள் இடுப்பில் கைவைத்து ஆரம்பித்தாள்.

"அதோ காதறுந்தது, அது கண்ணாயிரம். அவனுக்குப் பக்கத்துல பேன் பாக்கறது ராணியம்மாள், அவன் பொஞ்சாதி. அவளுக்கு மூணு புள்ள, ஒண்ணு கரண்ட்டுல அடிபட்டு பூட்ச்சு. அந்த நொண்டி அவ தங்கச்சி. போன தையில கண்ணாயிரத்த அடிச்சு தொரத்தப் பாத்தான் ஒருத்தன், முடியல, மலைக்கு மேல பூட்டான். மழ கம்மியான வருஷம் எல்லாம் கூட்டமா கீழ வந்துடும்..."

அருணாதேவி சொல்லச் சொல்ல இங்க்ரிட்டின் பேனா ஓடியது. ஆண் ஒன்று, பெண் நான்கு என்று பெயருக்குப் பதில் எண் போட்டு அவர் இரண்டு வருஷம் தேடிய குடும்ப மரம் முழுதும் பச்சையம்மாளின் வசவுக்குள் இருந்தது. எது யாருக்குப் பிறந்தது, எது எதைக் கடித்தது, எது எந்த வருஷம் செத்தது எல்லாம். குரங்குகள் சொந்தம்தான் என்று அருணாதேவி அலங்காரமாகப் புளுகினாளே, அதைவிட நெருங்கிய சொந்தம் இது. அதைத் திட்டு என்று ஒதுக்கிக் கீழே கொட்டியவள் தான்தான் என்று நினைக்க அவளுக்கு மனசு ஆறவில்லை.

பதின்மூன்று பெயர் எழுதியதும் இங்க்ரிட் நிமிர்ந்தார். "இரண்டாவது புத்தகத்தின் அட்டையில் பச்சையம்மாளின் பெயர் வரும். நீ மொழிபெயர்க்கலாம். ஒலிப்பதிவுகளை ஓவியா கேட்டுச் சரிபார்ப்பாள். அட்டையில் உன் பெயர் வராது." கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் அதிகம் வலித்தது. அருணாதேவி தலையாட்டிவிட்டு, அதையும் தமிழில் சொன்னாள், தன் பெயர் வராது என்பது உட்பட.

வரிசையின் கோடியில் ஓர் இளம் பெட்டைக் குரங்கு உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் குட்டியின் வாயை விரலால் நெம்பி, கன்னத்தில் அடக்கியிருந்த கடலையைத் தோண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டது. சுற்றிலும் பார்த்தது, ஒன்றும் தெரியாத மாதிரி.

பச்சையம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு மண்ணாங்கட்டியைப் பொறுக்கி, படாத மாதிரி எறிந்தாள்.

"அடியே! அடுத்தவ வாயில இருக்கறத நோண்டி எடுத்துக்கினு, தன்னுது மாதிரி மெல்றா பாரு! மூஞ்சப் பாரு, பாவம் மாதிரி! வெக்கமா இல்ல உனுக்கு?"

ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஓவியா சேலைத் தலைப்பு இல்லாத குறைக்குப் புத்தகத்தால் முகத்தை மறைத்தாள். கண்ணாயிரம் கூடச் சிரித்தார், தம்பி மனைவியின் பேச்சுக்குப் பதினோரு வருஷத்தில் முதல்முறையாக.

"என்ன சொல்கிறார்?" என்றார் இங்க்ரிட்.

அருணாதேவி ஒரு சொல் விடாமல் சொன்னாள். வெட்கமா இல்லையா என்பதையும் சொன்னாள்.

இங்க்ரிட் அட்டவணையில் பதினான்கு என்று எழுதினார். "இது முக்கியம். இதுவரை யாரும் பதிவு செய்யாத நடத்தை. கட்டாயம் புத்தகத்தில் வரும்" என்றவர், பேனாவைக் காகிதத்தில் வைத்துக் காத்திருந்தார். "அந்தக் குரங்கின் பெயர் என்ன?"

அருணாதேவி பச்சையம்மாளைப் பார்த்தாள். பச்சையம்மாள் புடவை முந்தியால் வாயைத் துடைத்துக்கொண்டு, சொல்லு என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

"அருணாதேவி" என்றாள் அருணாதேவி.